தேவதத்தன் சோறு சமைக்கிறான்

எட்டாம் வகுப்பில் நான் சம்ஸ்கிருதம் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அதில் மார்க்கை அள்ளலாம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா அரிசி மண்டி வைத்திருந்தவர். லாபம் வரும் என்றால் அதிகம் யோசிக்க மாட்டார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், 1966-ல், அந்த வகுப்பில் மொத்தமே 11 பையன்கள்.

எங்கள் வாத்தியாருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி காலமாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அக்ரகாரத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஓட்டலிலும் சாப்பிட மாட்டார், உறவுக்காரர் வீட்டிலும் சாப்பிட மாட்டார். சுயம்பாகம். காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே அவர் மேல்துண்டில் விறகுப் புகை வாசனை அடிக்கும்.

மற்ற வாத்தியார்கள் 'ராமன் போகிறான்', 'சீதை படிக்கிறாள்' என்று ஆரம்பிப்பார்களாம். இவர் ஆரம்பித்தது 'தேவதத்தன் சோறு சமைக்கிறான்' என்று. தேவதத்தஹ ஓதனம் பசதி. இதில் 'ச'வை 'பச்சை'யில் வருகிற ச மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். 'வசதி'யில் வருகிற மாதிரி சொன்னால் காதைத் திருகிவிடுவார். பச் என்பது வேர். பசதி என்றால் சமைக்கிறான். நான் வாழ்க்கையில் கற்றுக்கொண்ட முதல் சம்ஸ்கிருத வினைச்சொல் அதுதான்.

அந்த வேரைப் பற்றி அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, நான் கேட்ட ஒரு கேள்வி. "சார், பசதியில ச இருக்கு. ஆனா பாகம், பக்வம்னு வரும்போது க ஆயிடுதே, ஏன் சார்?" அவர் சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "பாணினி அதுக்கு ஒரு சூத்திரம் வெச்சிருக்கார்" என்று சொல்லி அந்தச் சூத்திரத்தையும் ஒப்பித்தார். சூத்திரம் ச, க ஆகும் என்று சொல்லியது. ஏன் ஆகும் என்று சொல்லவில்லை. மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

இரண்டாவது விஷயம், இந்த வினைக்கு இரண்டு வால் உண்டு என்பது. பசதி என்றும் சொல்லலாம், பசதே என்றும் சொல்லலாம். முதலாவது பரஸ்மைபதம், இரண்டாவது ஆத்மனேபதம். பெயரிலேயே அர்த்தம் இருக்கிறது. பரஸ்மை என்றால் பிறருக்கு, ஆத்மனே என்றால் தனக்கு. ஒருவன் சமைத்து அதன் பலன் அவனுக்கே போனால் பசதே. அடுத்தவருக்குப் போனால் பசதி. சமையற்காரன் எப்போதும் பசதிதான்.

பின்பெஞ்சு பையன் ஒருவன் எழுந்தான். "சமையற்காரனுக்குச் சம்பளம் வருதே சார்? அது அவனுக்கு லாபம்தானே?"

வாத்தியார் மேஜையைத் தட்டினார். "இதையே உரைக்காரன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கான்டா! கூலி வரும். ஆனா அடுப்பு மூட்டினது கூலிக்காக இல்லை. சோத்துக்காக. அந்தச் சோறு யார் வாய்க்குப் போறதோ, அதான் கணக்கு."

பிறகு கரும்பலகையில் தன்மை ஒருமை எழுதினார். பசாமி, பசே. இரண்டாவதைக் காட்டி, "இது நான்" என்றார். நாங்கள் சிரித்தோம். பதின்மூன்று வயசு.

*

அதற்குப் பிறகு சம்ஸ்கிருதத்துக்கும் எனக்கும் பெரிய தொடர்பு இல்லை. பி.காம். படித்தேன், பேங்கில் சேர்ந்தேன். பேங்கில் அந்த வேர் என்னை விடாமல் துரத்தியது என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். வடக்கத்திக் கிளைகளில் கடன் விண்ணப்பத்தில் வீடு 'பக்கா'வா 'கச்சா'வா என்று குறிக்க வேண்டும். பக்கா என்பது பக்வ, அதாவது வெந்தது. சுட்ட செங்கல்லால் கட்டிய வீடு. சுடாத மண் சுவர் என்றால் கச்சா. அந்தப் பக்கத்துச் சாப்பாட்டிலும் இந்தப் பிரிவு உண்டு. நெய்யில் பொரித்த பூரி வகையறா பக்கா சாப்பாடு, தண்ணீரில் வேகவைத்த சோறு, பருப்பு எல்லாம் கச்சா சாப்பாடு. யார் கையில் எதை வாங்கிச் சாப்பிடலாம் என்பதற்கே பழைய நாளில் இந்தக் கணக்கு பார்த்தார்கள். நம் ஊரில் 'பக்கா ஃபிராடு' என்கிறோமே, அது நன்றாக வெந்த ஃபிராடு.

1984 முதல் நான்கு வருஷம் புனேயில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டே வருஷம். என் மனைவிக்கு மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் தினமும் காலையில் ஜன்னல் வழியாக "ஸ்வயம்பாக் ஜாலா கா?" என்று கேட்பார். சமையல் ஆச்சா என்று அர்த்தம். மராத்தியில் வீட்டுச் சமையலுக்கே ஸ்வயம்பாக் என்றுதான் பெயர். எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. அவர் தனக்குத் தானே பொங்கித் தின்றது சுயம்பாகம். இங்கே எட்டுப் பேருக்குச் சப்பாத்தி தட்டுகிற அம்மாளும் அதே வார்த்தையைச் சொல்கிறார்.

அந்த ஊரில் அப்பா பல்வந்த் சவுக் என்று ஒரு இடம், முழுக்கப் புத்தகக் கடைகள். பழைய புத்தகமும் கிடைக்கும். அங்கேதான் வாமன் சிவராம் ஆப்தேயின் சம்ஸ்கிருத அகராதியை வாங்கினேன். அட்டை இல்லை, கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி கேட்டாள், "இதுல சமையல் குறிப்பு இருக்கா?" இருக்கிறது என்று சொல்லி பச் என்ற பக்கத்தைக் காட்டினேன். சமைத்தல், வேகவைத்தல், பழுக்கவைத்தல், செரிக்கவைத்தல், செங்கல் சுடுதல் என்று வரிசையாகப் போகிறது. "ஒரே வார்த்தைல எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. வேலை செய்யறது யாரு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் காலத்தில் இன்னொரு அசட்டுத்தனமும் செய்தேன். ஆங்கிலத்து 'பேக்', அதாவது ரொட்டி சுடுவது, நம்முடைய பச்சிலிருந்துதான் போனது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒலி ஒத்திருக்கிறது, பொருள் ஒத்திருக்கிறது, வேறென்ன வேண்டும்? மேனேஜர் கூட "வெரி இன்ட்ரெஸ்டிங்" என்றார். முப்பது வருஷம் அந்தத் தப்பு அப்படியே இருந்தது.

*

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் என் மனைவி சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியில் 12 நாள் இருந்தோம். முதல் நாள் ராத்திரி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது சமையலறை அவள் விட்டுப்போன மாதிரியே கிடந்தது. மேடையில் எனக்கு எடுத்துவைத்த சாப்பாடு மூடி வைத்திருந்தது: கத்திரிக்காய் கூட்டு, ரசம், சுட்ட அப்பளம். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் முந்தின நாள் சாதம், மோர் ஊற்றி, ஒரு உப்பு மிளகாய். அது அவளுடைய சாப்பாடு.

நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளியூர் போகும் நாட்களில் இவள் என்ன சாப்பிடுவாள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. பின்னால் மகள் சொன்னாள்: "நீங்க ஊர்ல இல்லேன்னா அம்மா அடுப்பே பத்த வைக்க மாட்டாங்கப்பா." முப்பத்தெட்டு வருஷம் பசதி. பசதே ஒரு நாள் கூட இல்லை. அந்தக் கிண்ணத்தைக் கழுவி வைக்கும்போது வாத்தியாருடைய மேஜை தட்டும் சத்தம்தான் காதில் கேட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒரு மாதம் இருந்துவிட்டு பெங்களூர் திரும்பினாள். சமையலுக்கு வைத்த அம்மாள் மூன்று வாரத்தில் நின்றுவிட்டார். டாக்டர் குழைந்த சாப்பாடுதான் தரவேண்டும், விழுங்குவதில் கவனம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆக, 69 வயதில் நான் அடுப்படிக்குப் போனேன். அதுவரை எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் வைப்பதும், "உப்பு கம்மி" என்று சொல்வதும்தான்.

ராத்திரியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். டி.வி. சத்தம் அவளுக்கு ஆகவில்லை. அப்போதுதான் ஆப்தேயைத் தூசி தட்டி எடுத்தேன். பேரன் கம்ப்யூட்டரில் மோனியர் வில்லியம்ஸ் அகராதியையும் இறக்கிக் கொடுத்தான். 1899-ல் வந்த பதிப்பு. அதில் பச் என்ற இடத்தில் அடைப்புக்குறிக்குள் கிரேக்க, லத்தீன் உறவுகளைப் போட்டிருக்கிறார்கள். அந்த அடைப்புக்குறியைப் பிடித்துக்கொண்டு நான் போன தூரத்தைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1786-ல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசிய கதை பலருக்குத் தெரியும். அந்த மூலமொழியை நேரில் கேட்டவர் யாரும் இல்லை. எழுத்திலும் இல்லை. பிள்ளைகளின் முகத்தை வைத்து அப்பன் முகத்தை வரைகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். அதன்படி சமைப்பதற்கான வேர் ஏறக்குறைய 'பெக்வ்'. கடைசி எழுத்து உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒரு க.

இங்கேதான் என் எட்டாம் வகுப்புக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மூலத்தில் இருந்தது க-தான். சம்ஸ்கிருதத்துக்கு முந்தைய கட்டத்தில், பின்னால் 'எ' ஒலி வந்த இடத்திலெல்லாம் அந்த க, ச-வாக நெகிழ்ந்தது. பிற்பாடு அந்த 'எ'யும் 'அ' ஆகிவிட்டது. குற்றம் செய்தவன் ஓடிவிட்டான், தடயம் மட்டும் மிச்சம். அதனால்தான் பசதி. பின்னால் 'எ' இல்லாத பக்வம், பாகம் இவற்றில் பழைய க அப்படியே நின்றுவிட்டது. ஆக, ச, க ஆகவில்லை சார். க-தான் ச ஆயிற்று. இதை அவரிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

லத்தீனில் வேறு கூத்து. பின்னால் வருகிற 'க்வ' முன்னால் இருக்கிற ப-வையும் தன் மாதிரியே மாற்றிவிட்டது. அதனால் அங்கே சமைப்பது 'கோக்வெரே'. தனியாக இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஐந்து என்ற எண்ணைப் பாருங்கள். சம்ஸ்கிருதத்தில் பஞ்ச, கிரேக்கத்தில் பெந்தே, லத்தீனில் குவின்க்வே. அதே ப, அதே மாதிரி க்வ ஆகியிருக்கிறது. கணக்கு இரண்டு இடத்தில் டேலி ஆனால் பேங்க்காரனுக்கு நம்பிக்கை வந்துவிடும்.

இந்தக் கோக்வெரேயிலிருந்துதான் ஆங்கிலத்துக்குக் 'குக்' போனது. 'கிச்சன்' போனதும் அங்கிருந்துதான், லத்தீன் 'கோக்வினா' வழியாக. நாம் பக்குவம் என்ற சொல்லை வாங்கிக்கொண்ட மாதிரி ஆங்கிலேயரின் முன்னோர் இவற்றை லத்தீனிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அப்படியென்றால் என் 'பேக்'? அது உறவே இல்லை. சம்ஸ்கிருதத்தில் ப-வில் தொடங்கும் சொல், ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லாக இருந்தால் அங்கே ஃப-வில் தொடங்கும். பித்ரு, ஃபாதர். பாதம், ஃபுட். பஞ்ச, ஃபைவ். ஆகவே பேக் என்று ப-வில் தொடங்குகிற சொல் பச்சுக்குச் சொந்தமாக இருக்க வழியில்லை. முகஜாடை ஒத்திருந்தவன் அந்நியன், ஜாடையே இல்லாத குக்தான் ரத்த உறவு. முப்பது வருஷம் தப்பாகச் சொன்னதற்கு அந்த மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இதே காரணத்தால் நம் 'பச்சை'யையும் இங்கே இழுக்கக் கூடாது. பச்சை என்பது வேகாதது, பச் என்பது வேகவைப்பது. அர்த்தம் நேர் எதிர், ஒலி ஒன்று. பச்சை தமிழுக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் சொந்தமான சொல். தெலுங்கில் பச்சி, கன்னடத்தில் பச்சே, ஹசி.

மற்ற உறவுகளையும் பார்த்தேன். லித்துவேனியாவில் சுடுவதற்கு 'கெப்தி' என்கிறார்கள். எழுத்து முன்பின்னாக இடம் மாறிவிட்டது. நாம் தசையைச் சதை என்று சொல்கிற மாதிரிதான். ரஷ்ய மொழியில் 'பேச்' என்றால் சுடு, அதே சொல்லுக்கு அடுப்பு என்றும் பொருள். தமிழிலும் பாருங்கள், சமைப்பதற்குப் பழைய சொல் அடு. அதிலிருந்துதான் அடுப்பு, அடுக்களை. குடும்பமே வேறு என்றாலும் மனுஷப் புத்தி ஒரே வழியில்தான் போகிறது. பாரசீகத்தில் 'புக்தன்'. லக்னோ பக்கம் 'தம் புக்த்' என்று சட்டிக்கு மாவு பூசி மூடி வேகவைக்கிறார்களே, அந்தப் புக்த் இதுதான்.

நம் வீட்டுக்குள்ளேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! பிஸ்கட் என்றால் லத்தீனில் இரண்டு முறை வெந்தது. பக்கோடாவை 'பக்வ வட' என்பதிலிருந்து கொண்டுவருகிறார்கள். மழைநாளில் ஒரே தட்டில் பக்கோடாவும் பிஸ்கட்டும் வைத்தால் அது சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளின் சந்திப்பு. மேடையில் விசில் அடிக்கும் குக்கர் இன்னொரு தாயாதி.

கிரேக்கத்தில் இந்த வேர் 'பெப்' என்று ஆகி, சமைப்பதற்கும் செரிப்பதற்கும் பொதுவானது. வயிற்றில் உணவைக் கரைக்கும் பொருளை 1836-ல் கண்டுபிடித்த தியோடர் ஷ்வான் அதற்கு 'பெப்சின்' என்று பெயர் வைத்தார். அஜீரணத்துக்கு 'டிஸ்பெப்சியா' என்கிறார்கள். கேலப் பிராடம் என்ற அமெரிக்க மருந்துக்கடைக்காரர் தன் கடையில் விற்ற பானத்துக்கு 1898-ல் பெப்சி கோலா என்று பெயர் மாற்றியதும் இந்தச் செரிமானச் சொல்லை வைத்துத்தான். கீதையில் 15-ம் அத்தியாயத்தில் பகவான், உயிர்களின் வயிற்றில் நெருப்பாக இருந்து நான்கு விதமான அன்னத்தையும் நானே பக்குவம் செய்கிறேன் என்கிறாரே, அங்கே வருகிற வினைச்சொல்லும் பச்தான். அடுப்பில் ஒரு சமையல், வயிற்றில் ஒரு சமையல். விழுங்கவே கஷ்டப்படுகிற ஒருத்திக்கு ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருக்கும்போது இது வெறும் அகராதி விஷயமாகத் தெரியவில்லை.

*

அவளுக்குப் பேச்சு திரும்பியதைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் "ம்", "ஆ" தவிர ஒன்றும் வரவில்லை. ஒரு காலையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சமையலறை வாசலில் விட்டுவிட்டு நான் பேப்பர் எடுக்கப் போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "பா... பால். பொங்குது!" ஓடி வந்து பார்த்தால் பால் அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நான் அணைக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் இடது கையால் அடுப்பைக் காட்டிக் கோபமாக முறைத்தாள்.

ரிக் வேதத்தில் ஒரு வியப்பு வருகிறது. பசு பச்சையாக இருக்கிறதே, அதற்குள்ளிருந்து பால் மட்டும் எப்படி வெந்து வருகிறது என்று. கறந்த பாலின் சூட்டைப் பார்த்து யாரோ அப்படி நினைத்திருக்கிறார்கள். அங்கேயும் அதே பக்வதான். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை, பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகு அந்த நாற்காலி அங்கேயே நிலைத்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கு அவள் வாசற்படியில், நான் மேடையில். "கடுகு... இப்ப." "தீயைக் குறைங்க." "புளி கரைச்சது போதும்." பேச்சு வளர வளர அதட்டலும் வளர்ந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், "அம்மாவுக்கு இதைவிட நல்ல எக்ஸர்சைஸ் இல்லை சார்" என்றார். எனக்கு என்ன எக்ஸர்சைஸ் என்று அவர் சொல்லவில்லை.

சுமார் 2200 வருஷத்துக்கு முன் பதஞ்சலி தன் மகாபாஷ்யத்தில் ஒரு கேள்வி எழுப்புகிறார். தேவதத்தன் சமைக்கிறான் என்கிறோமே, அதில் எது சமைப்பது? பானையை அடுப்பில் ஏற்றுகிறான், தண்ணீர் ஊற்றுகிறான், அரிசி போடுகிறான், விறகைச் சரிசெய்கிறான். சமைத்தல் என்று தனியாக ஒரு செயல் எங்கே இருக்கிறது? இத்தனையும் சேர்ந்ததுதான் சமைத்தல் என்கிறார். அதோடு நிற்கவில்லை. பானையும் சமைக்கிறது என்கிறார், ஏனென்றால் அரிசியை அது தாங்கிப் பிடிக்கிறது. விறகும் சமைக்கிறது, ஏனென்றால் அரிசி இளகும் வரை எரிகிறது. பாவம் இந்த தேவதத்தன், இலக்கணப் புத்தகங்களில் அன்று முதல் இன்று வரை சோறு வடித்துக்கொண்டே இருக்கிறான். நம் வீடுகளில் ஒரு தேவதத்தனும் அடுப்படிப் பக்கம் போனதில்லை என்பதுதான் வேடிக்கை.

போன தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். நான் வைத்த மிளகுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குப்பா. எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசற்படியிலிருந்து பதில் வந்தது.

"அவர் எங்க சமைக்கிறாரு? நான் அவரை வெச்சு சமைக்கிறேன்."

வாக்கியம் முழுசாக, திக்காமல் வந்தது. மகள் சிரித்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு ஆப்தேயைத் தேடிப் போனேன். பசதி, பசதே இரண்டோடு வாத்தியார் நிறுத்தவில்லை, மூன்றாவதாக ஒன்று சொல்லிக் கொடுத்தார். பாசயதி. சமைப்பிக்கிறான். உரைகளில் உதாரணமும் உண்டு: யக்ஞதத்தனைக் கொண்டு தேவதத்தன் சோறு சமைப்பிக்கிறான். யார் கை கரண்டியைப் பிடித்தாலும், அந்த வாக்கியத்துக்கு எழுவாய் பிடிக்கச் சொன்னவன்தான். இலக்கணம் அவள் பக்கம். நான் வெறும் யக்ஞதத்தன். பானை, விறகு வரிசையில் ஒரு கருவி.

பக்குவம் என்று மகள் சொன்னதும் பக்வதான். தமிழில் வந்து இந்தச் சொல் எங்கெல்லாமோ போய்விட்டது. குழம்புக்குப் பக்குவம், பேச்சில் பக்குவம், வயதுக்குப் பக்குவம். சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்கிறார்கள், ஆன்மாவைப் பிடித்திருக்கும் அழுக்கு தானாக விலகும் அளவுக்குப் பழுப்பது. பௌத்தர்கள் செய்த வினை பழுத்துப் பலன் தருவதை விபாகம் என்றார்கள். நம் சொந்தச் சொல் சமை கூட அப்படித்தான்: சோறும் சமைகிறது, பெண்ணும் சமைகிறாள். வேகுவதற்கும் பழுப்பதற்கும் நடுவில் கோடு போட எந்த மொழிக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

இலக்கணக்காரர்கள் சமைப்பதன் பலனை ஒரே சொல்லில் சொல்கிறார்கள்: விக்லித்தி. அரிசி இளகிப்போதல். இளகியதா என்று பார்க்கப் பானையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவதற்கு ஸ்தாலீபுலாக நியாயம் என்று பெயர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதும் அதுவேதான். குக்கரில் அது முடியாது என்பதால், இப்போது வாரத்தில் இரண்டு நாள் வெண்கலப் பானையில் வடிக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு ராத்திரி சரியான தூக்கம் இல்லை. காலையில் அயர்ந்து தூங்கினாள், எழுப்பவில்லை. வாசற்படி நாற்காலி காலியாக இருந்தது. சொல்ல ஆளில்லாமல் நானே அரிசி களைந்து உலை வைத்தேன், பருப்பு போட்டேன், தக்காளி ரசம் வைத்தேன், கொத்தவரங்காய் நறுக்கினேன். கடுகு எப்போது போடுவது என்று அவள் குரல் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் அது பசதியா, பாசயதியா? பானை மூடியைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினேன். நசுங்கியது. எடுத்துவைத்தேன், இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி.

பதினொரு மணிக்கு எழுந்து வந்து உட்கார்ந்தாள். இடது கையால் தானே பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வாய் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.